பில்லில் ‘நர்சிங் சார்ஜ்’ என்று போடுகிறார்களே, அது யாருக்குப் போகிறது?

கிணத்துக்கடவு
அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம். பெயர் வேண்டாம், வைத்தியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று நாலு பக்கத்துக்கு பில் கொடுத்தார்கள். என் தங்கைதான் ஒரு வரியைக் காட்டினாள்: நர்சிங் சார்ஜ் 750 × 9 = 6,750.

எங்களுக்கு இரவு டியூட்டியில் வந்த சிஸ்டருக்கு 23, 24 வயது இருக்கும். இரவு எட்டு மணிக்கு வந்தால் காலை எட்டு வரை. அந்த வரிசையில் எட்டு பெட்டுக்கு அவர் ஒருவர்தான். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, பெட் பேன் வைப்பது, ட்ரிப் மாற்றுவது, நடு இரவில் ஆன்டிபயாடிக் போடுவது எல்லாம் அவரே. ஐந்தாம் நாள் பேச்சுவாக்கில் “சம்பளம் எவ்வளவும்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். 13,500 என்றார். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தது போக பத்தாயிரம் சொச்சம் கைக்கு வருமாம்.

நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் பையனுக்கு 15,000 கொடுக்கிறேன். அவன் தப்பாக பில் போட்டால் எனக்கு நூறு ரூபாய் நஷ்டம். இந்தப் பெண் மருந்தை மாற்றிப் போட்டால் என் அப்பா போய்விடுவார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்த 6,750 யாருக்குப் போகிறது?

பில்லிங்கவுண்டர்
எட்டு வருடம் மருத்துவமனை பில்லிங்கில் இருந்தவன் நான். சிஸ்டருக்குப் போகாது சார். மருத்துவமனையின் பொது வருமானத்தில் சேரும்.

பில்லை மறுபடி எடுத்துப் பாருங்கள். டாக்டர் விசிட் என்ற வரிக்கு எதிரே ஒரு பெயர் இருக்கும். மாதக் கடைசியில் அந்தப் பெயருக்குக் கணக்குப் பார்த்து அவர் பங்கை அனுப்பி வைப்போம். அறுவை சிகிச்சைக்கும் பெயர் உண்டு, மயக்க மருந்துக்கும் உண்டு. நர்சிங் சார்ஜுக்கு எதிரே மட்டும் பெயர் இருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஜெனரல் வார்டில் 400, தனி அறையில் 800, டீலக்ஸ் அறையில் 1,500 என்று போடுவோம். மூன்றுக்கும் போவது ஒரே சிஸ்டர்தான். டீலக்ஸ் அறைக்காரருக்கு ஊசி கொஞ்சம் மெதுவாகக் குத்துமோ என்னவோ.

இரவுப்பணி
நான் ஸ்டாஃப் நர்ஸ், மதுரைப் பக்கம். ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) முடித்து 2013-இல் 6,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். மூன்று இடம் மாறி இப்போது வார்டு இன்சார்ஜ், 24,000. அண்ணன் சொல்லும் 13,500 கதையெல்லாம் இல்லை, அதுதான் பரவலான நிலவரம். சின்ன ஊர்களில் இன்னும் குறைவு.

பே ஸ்லிப்பைப் பிரித்துச் சொன்னால்தான் புரியும். ஆஃபர் லெட்டரில் 16,000 என்று இருக்கும். அது சிடிசி, அதாவது நமக்காக முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு. முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப் பங்கையும் அதற்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். அப்புறம் நம் பங்கு 12 சதவீதம் போகும், ஈஎஸ்ஐ முக்கால் சதவீதம் போகும், ஹாஸ்டல், மெஸ், சில இடத்தில் யூனிஃபார்ம், ஐடி கார்டு கயிறுக்குக்கூடப் பிடிப்பார்கள். மீதிதான் நமக்கு.

அந்த ஈஎஸ்ஐ பற்றி ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டாத தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அது. இருதய அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் ஐசியூ பார்க்கிற பெண், தனக்குக் காய்ச்சல் வந்தால் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் போய் வரிசையில் நிற்பாள். நான் முன்பு இருந்த இடத்தில் ஊழியர்களுக்கு பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு என்று பெருமையாக போர்டு வைத்திருந்தார்கள். மீதி 90 சதவீதத்துக்கு ஆறு மாதச் சம்பளம் வேண்டும்.

நைட் அலவன்ஸ் ஒரு இரவுக்கு 75 ரூபாய். பன்னிரண்டு மணி நேரத்துக்கு. வார்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காணாமல் போனால் அந்த ஷிப்டில் இருந்த எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். ஒரு மாதம் எனக்கு வந்த நைட் அலவன்ஸ் முழுக்க அதற்கே போய்விட்டது. மே 12 செவிலியர் தினம் வந்தால் கேக் வெட்டி ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுப்பார்கள். அதற்கு மட்டும் பிடித்தம் கிடையாது.

முப்பதுபெட்
எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் கேளுங்கள். நானும் மனைவியும் மாவட்டத் தலைநகர் ஒன்றில் 30 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். அவர் மகப்பேறு மருத்துவர், நான் நிர்வாகம்.

எங்களிடம் ஜிஎன்எம் முடித்து வரும் பெண்ணுக்குத் தொடக்கத்தில் 15,000, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பெரிய பணக்காரர்கள் போல எங்களைப் பேசுவது சரியில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் நோயாளிக்கு அரசு நிர்ணயித்த பேக்கேஜ்தான். அதில் நர்சிங், அறை, மருந்து, டாக்டர் எல்லாம் அடக்கம். அந்தத் தொகையும் கைக்கு வர மாதங்கள் ஆகும். மின்கட்டணம், மருத்துவக் கழிவு எடுப்பவர்கள், தீயணைப்புச் சான்று, லிஃப்ட் சான்று, இதையெல்லாம் கடன் சொல்லி ஓட்ட முடியாது.

அதைவிடப் பெரிய வேதனை, கல்லூரியிலிருந்து வருகிற பெண்ணுக்குக் கேனுலா (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போடவே கை நடுங்கும். ஒரு வருடம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறோம். கை பழகியதும் சவூதி. நாங்கள் நாற்றங்கால் மாதிரி. வளர்த்துவிட்டால் யாரோ பிடுங்கிக் கொண்டுபோய் அவர்கள் வயலில் நட்டுக்கொள்கிறார்கள்.

கிணத்துக்கடவு
முப்பதுபெட் சார், தப்பாக நினைக்காதீர்கள். நானும் வியாபாரிதான், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு சிஸ்டருக்கு ஆறு பெட் என்றே வைத்துக்கொள்வோம் (எங்களுக்கு எட்டு இருந்தது). 6 × 750 = ஒரு நாளைக்கு 4,500. மாதத்துக்கு 1,35,000. அந்த ஆறு பெட்டைக் காலை, மதியம், இரவு பார்க்க மூன்று பேர், வார விடுமுறைக்கு மாற்று ஒருவர், ஆக நாலு பேர். ஆளுக்கு 13,500 என்றால் 54,000. மீதி 81,000 எங்கே?

என் கடையில் ஒரு சரக்கை 135-க்கு விற்று 54-தான் அடக்கம் என்றால் நான் என்றைக்கோ கோவையில் பங்களா கட்டியிருப்பேன்.

முப்பதுபெட்
ஆறு பெட்டும் முப்பது நாளும் நிரம்பியிருக்கும் என்று யார் சொன்னது? எங்களுக்கு வருடச் சராசரி 60 சதவீதம் வந்தாலே சந்தோஷம். உங்கள் 1,35,000 அங்கேயே 81,000 ஆகிவிட்டது. அதில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், வார்டு ஆயா, கையுறை, கிருமிநாசினி எல்லாம் உண்டு. அத்துடன் காப்பீட்டு நோயாளிக்கு இந்த வரியே பில்லில் கிடையாது. ரொக்கம் கட்டுபவரிடம் வாங்கித்தான் அதை ஈடுகட்டுகிறோம். ஹார்டுவேர் கடையில் ஆணி காலாவதி ஆகாது சார். காலியாகப் போன பெட் நாள் திரும்ப வராது.

இரவுப்பணி
60 சதவீதம்தான் பெட் நிரம்புகிறது என்பதை நம்புகிறேன் சார். ஆனால் நோயாளி குறைந்தால் எங்களையும் குறைத்துவிடுகிறீர்களே. “இன்று சென்சஸ் கம்மி, நீ ஆஃப் எடுத்துக்கொள்” என்று காலையில் போன் வரும். அந்த ஆஃப் என் லீவில் கழியும். டெங்கு சீசனில் நிரம்பி வழியும்போது டபுள் டியூட்டி. அப்போது ஆள் கூட்டுவதும் இல்லை, காசு கூட்டுவதும் இல்லை. காலி பெட்டின் நஷ்டத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு, நிரம்பிய பெட்டின் லாபத்தில் கிடையாது.

நாற்றங்கால் உவமை நன்றாக இருக்கிறது. நாற்று ஏன் வேறு வயலுக்குப் போகிறது என்று தண்ணீர் பாய்ச்சுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

முப்பதுபெட்
லீவில் கழிப்பதை நாங்கள் செய்வதில்லை. மற்றபடி நீங்கள் சொல்வது பல இடங்களில் நடக்கிறது, மறுக்கவில்லை.

வாய்தா
நான் வழக்கறிஞர், தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன். எல்லோரும் மனசாட்சி பற்றியே பேசுவதால் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தனியார் மருத்துவமனை செவிலியர் நிலைமை பற்றி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், நிபுணர் குழு அமைத்து ஊதியத்துக்குப் பரிந்துரை வாங்கச் சொல்லி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழு அதே வருடம் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு செவிலியருக்குச் சமமான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அரசு சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே எவ்வளவு சின்ன மருத்துவமனையாக இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது.

இது பரிந்துரைதான். மருத்துவம் மாநில அரசின் கையில் இருப்பதால், சட்டமாக்குங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கடிதம் வந்து சேர்ந்ததோடு பெரும்பாலான மாநிலங்களில் கதை முடிந்தது.

2016-இல் 30 படுக்கை மருத்துவமனைக்கே 20,000 சொன்னார்கள். முப்பதுபெட் சார் 15,000-மும் சாப்பாடும் கொடுக்கிறார். நல்லவர்தான். அந்த நல்லவரே பரிந்துரைக்கு எவ்வளவு கீழே நிற்கிறார் என்று பாருங்கள்.

இன்னொன்று, ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைப்பது. “இரண்டு வருடம் பாண்ட், நடுவில் போனால் ஐம்பதாயிரம் கட்டு” என்று சொல்லி மதிப்பெண் பட்டியலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். கல்விச் சான்றிதழ் என்பது அடகு வைக்கிற சரக்கு இல்லை, அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

எறணாகுளம்வண்டி
நாகர்கோவில் பெண், வேலை கொச்சியில். வாய்தா சார் “பெரும்பாலான மாநிலங்களில்” என்று சொன்னாரே, கேரளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வார்டில் மூத்த சேச்சிகள் இதைப் பாட்டி கதை மாதிரி சொல்வார்கள்.

அங்கேயும் ஒரு காலத்தில் ஐயாயிரம், ஆறாயிரம்தான். 2011-இல் யுஎன்ஏ (யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன்) என்று சங்கம் தொடங்கினார்கள். அதுவரை நர்ஸ்களுக்கென்று சொல்லும்படியான சங்கம் தனியார் துறையில் இல்லை. 2012-இல் கோதமங்கலத்தில் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தும் யாரும் கண்டுகொள்ளாததால் மூன்று பெண்கள் மருத்துவமனை மாடியில் ஏறி நின்றார்கள். 2017-இல் மாநிலம் முழுக்கப் போராட்டம். இருபதாயிரம் தருவதாகப் பேசி முடித்த பிறகும் அரசாணை வரவில்லை. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போகப் போகிறோம் என்று அறிவித்தார்கள். புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஏப்ரல் 23, அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அரசாணை வந்துவிட்டது. கிட்டத்தட்ட செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எல்லா மருத்துவமனையும் ஒழுங்காகக் கொடுக்கிறது என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் என்று பெயர் வைத்து ஒரு வருடம் குறைத்துக் கொடுக்கும் வித்தை இங்கேயும் உண்டு. ஆனால் கேட்பதற்கு ஒரு எண் இருக்கிறது. நாகர்கோவிலில் என் தங்கச்சிக்கு அந்த எண் இல்லை. களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதே படிப்புக்கு அதே வேலைக்கு ஐயாயிரம் ரூபாய் கூடிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் திங்கட்கிழமை ரயிலில் ஏன் கூட்டமாகப் போகிறார்கள் என்று இப்போது புரியும்.

நேர்கேள்வி
கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தடுக்கி விழுந்தால் நர்சிங் கல்லூரி. வருடா வருடம் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறார்கள். ஒருவர் 13,500-க்கு வரவில்லை என்றால் இன்னொருவர் 12,000-க்கு வருகிறார். இன்ஜினியரிங்கிலும் இதேதான் நடந்தது. ஆள் அதிகம் இருந்தால் கூலி குறையும், இதில் நியாயம் அநியாயம் எங்கே வருகிறது? அதுவும் இது சேவைத் தொழில், பணத்தை மட்டும் பார்த்து வரக் கூடாது.

இரவுப்பணி
சேவை என்று சொல்லித்தான் கல்லூரியில் மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். கல்விக் கடன் கொடுத்த வங்கி மேனேஜரும் அந்த விழாவுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆள் அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் வார்டில் ஏன் ஆள் இல்லை? இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர். அண்ணன் அப்பாவுக்கு எட்டு பேருக்கு ஒருவர். ஐசியூவில் நானே மூன்று வென்டிலேட்டரைப் பார்த்திருக்கிறேன். விதிப்படி ஆள் வைத்தால் வெளியே நிற்கும் கூட்டத்தில் பாதி உள்ளே வந்துவிடும். சந்தையில் ஆள் அதிகம், வார்டில் ஆள் குறைவு. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆறு மாத உதவியாளர் கோர்ஸ் படித்த பெண்களுக்கும் அதே வெள்ளை உடை கொடுத்து வார்டில் நிறுத்துவார்கள். நோயாளிக்கு எல்லோரும் சிஸ்டர்தான். கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸா என்று யாரும் கேட்பதில்லை. “அவள் எட்டாயிரத்துக்கு இதே வேலை செய்கிறாள்” என்று எங்களிடம் பேரம் பேசுவார்கள்.

தொகுப்பூதியம்
தனியார் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நான் அரசு மருத்துவமனை. எம்ஆர்பி தேர்வு எழுதி வந்தவள்.

2015-இல் 7,243 இடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்தது. தகுதித் தேர்வு, இடஒதுக்கீடு, எல்லாம் முறைப்படி. மாதம் 7,700 தொகுப்பூதியம், இரண்டு வருடம் முடிந்தால் நிரந்தரப் பணியாளருக்கான காலமுறை ஊதியம் என்றார்கள். எங்கள் வீட்டில் அரசு வேலை என்று ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். இரண்டு வருடம் முடிந்தும் ஒன்றும் நடக்காததால்தான் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்தில் போய் உட்கார்ந்தோம். கைக்குழந்தையுடன் வந்தவர்கள் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினோம். அப்புறம் 14,000 ஆனது, அதன்பின் 18,000 ஆனது. பணியிடம் காலியாகக் காலியாகச் சிலரை நிரந்தரம் செய்கிறார்கள். வரிசையில் என் எண் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வார்டில் எனக்குப் பக்கத்து டேபிளில் இருக்கும் அக்கா நிரந்தரப் பணியாளர். இருவரும் ஒரே ஹேண்டிங் ஓவர் நோட்டில்தான் கையெழுத்துப் போடுகிறோம். அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை. பேறுகால விடுப்பைச் சம்பளத்துடன் கேட்பதற்கே எங்கள் சங்கம் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பிரசவ வார்டில் வேலை பார்ப்பவளுக்கு!

கொரோனா சமயத்தில் தற்காலிகமாக எடுத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2020 மார்ச்சில் நாடே கைதட்டியது. மே மாதம் விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனை மேல் பூ தூவினார்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது என்று அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று பூ வரவில்லை.

ஜிஹெச்அக்கா
அந்தப் பக்கத்து டேபிள் அக்கா நானாகவும் இருக்கலாம் கண்ணு. 19 வருட சர்வீஸ். எனக்குச் சம்பளம் நன்றாகவே வருகிறது, மறைக்க ஒன்றும் இல்லை. மகனைப் படிக்க வைத்துவிட்டேன், சின்னதாக வீடும் ஆனது. நானும் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தேன், ஆனால் எங்கள் காலத்தில் சீக்கிரம் நிரந்தரம் ஆனது.

ஒன்று சொல்ல வேண்டும். “அரசு நர்ஸுக்கு இவ்வளவு சம்பளமா?” என்று வாய் பிளக்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் வார்டுக்கு வந்து பார்க்கட்டும். படுக்கையில் ஐம்பது பேர், தரையில் பாய் விரித்து இருபது பேர், நைட்டில் இரண்டு சிஸ்டர். நான் வாங்குவது அதிகம் இல்லை. என் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கொடுப்பதுதான் குறைவு. இரண்டையும் குழப்பி, என்னுடையதைக் குறைத்தால் சமமாகிவிடும் என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் சொன்னேன்.

லெஸ்டர்குளிர்
இங்கிலாந்திலிருந்து. எல்லோரும் ‘வெளிநாடு போனால் கோடி’ என்று நினைப்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு பேண்ட் 5 என்ற சம்பளப் படிநிலை. இங்கிலாந்தில் 2025-26-க்குத் தொடக்கச் சம்பளம் வருடம் 31,049 பவுண்டு. வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போக மாதம் 2,000 பவுண்டை ஒட்டிக் கைக்கு வரும். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். பெருக்காதீர்கள். வாடகை, கவுன்சில் வரி, கேஸ் பில் கட்டிவிட்டுப் பெருக்குங்கள். குழந்தையை நர்சரியில் விட்டால் பெருக்கவே ஒன்றும் இருக்காது.

ஆனால் ஒரு விஷயத்துக்காக நான் திரும்பி வர மாட்டேன். வாரம் 37.5 மணி நேரம்தான். இரவு வேலைக்கும் சனிக்கிழமைக்கும் மணிக்கு 30 சதவீதம் கூடுதல், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம். இரவுப்பணி அக்கா சொன்ன 75 ரூபாயை இதோடு வைத்துப் பாருங்கள். இரவு விழிப்பதற்கு விலை உண்டு என்று முதலில் ஒப்புக்கொள்கிறார்கள், எவ்வளவு என்பது அப்புறம்.

இங்கேயும் போதவில்லை என்றுதான் சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் ஆர்சிஎன் என்ற செவிலியர் சங்கம் இறங்கியதே, அந்தச் சங்கத்தின் நூறாண்டு வரலாற்றில் அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் நடந்ததில்லை. வெள்ளைக்கார நோயாளிகள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஹாரன் அடித்துப் போனார்கள். ஊரில் நடந்திருந்தால் ‘நோயாளிகள் அவதி’ என்றுதான் தலைப்பு வந்திருக்கும்.

யாழ்தாதி
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் முறை வேறு. அரசாங்கத் தாதியர் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு, முடித்ததும் அரசாங்க நியமனம். கடன்பட்டுப் படிக்கும் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் அடிப்படைச் சம்பளம் குறைவு, மேலதிக நேரக் கொடுப்பனவை வைத்துத்தான் குடும்பம் ஓடும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டினார்கள், அதே கையால் மேலதிக நேரத்தையும் விடுமுறை நாள் கொடுப்பனவையும் கணக்கிடும் விகிதத்தைக் குறைத்தார்கள். அந்த மார்ச் மாதம் நாடு முழுக்கத் தாதியர் போராட்டம் நடந்தது. சம்பளம் கூட்டியதற்கு ஏன் போராட்டம் என்று பக்கத்து வீட்டு ஐயா கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போனது.

கிணத்துக்கடவு
இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று அப்பாவுக்குத் தையல் பிரிக்கப் போயிருந்தோம். அந்த சிஸ்டர் வார்டில் இல்லை. நின்றுவிட்டாராம், சவூதி வேலைக்கான ப்ரோமெட்ரிக் என்ற தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாராம். அப்பா அவருக்காக வாங்கி வைத்திருந்த ஆப்பிளைப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தப் பெண்ணுக்குக் காரணம் புரியவில்லை.

எறணாகுளம்வண்டி
அந்த சிஸ்டரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிடப் போகிறார். 2015-லிருந்து வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி வைத்தார்கள். தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, கிண்டியில். வேறு நாடுகளுக்குப் பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட் வழியாகப் போனாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

நாலாம்வருஷம்
வணக்கம், நான் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம், திருச்சி. இந்த இழையைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இரண்டரை லட்சம் கல்விக் கடன் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் இன்டர்வியூ. ஒரிஜினல் சான்றிதழ் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா? என்ன கேட்க வேண்டும்?

இரவுப்பணி
போ தங்கச்சி. இரண்டு வருட அனுபவம் இல்லாமல் எந்த நாட்டுக்காரனும் எடுக்க மாட்டான், அதனால் எங்கேயாவது தொடங்கித்தான் ஆக வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்காதே, கைக்கு எவ்வளவு என்று கேள். ஹாஸ்டல் பிடித்தம், நைட் எத்தனை நாள், ஐசியூவில் ஒருவருக்கு எத்தனை பேஷன்ட், மூன்றையும் கேள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஒரிஜினலைக் காட்டு, கையோடு திரும்ப வாங்கு. நிரப்பாத வெற்று பாண்டில் கையெழுத்துப் போடாதே. எம்ஆர்பி, எய்ம்ஸ் தேர்வுக்குப் புத்தகத்தை மூடிவிடாதே. எய்ம்ஸில் நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900-இல் தொடங்குகிறது.

முப்பதுபெட்
அந்தப் பெண் திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஊருக்கு வரலாம். சின்ன மருத்துவமனைதான். சான்றிதழ் நகல் போதும், பாண்ட் கிடையாது. மனைவியிடம் பேசினேன், வரும் மாதத்திலிருந்து எல்லோருக்கும் 17,000 ஆக்குகிறோம். இருபது இப்போது முடியாது. தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.

வாய்தா
கட்சிக்காரர் ஒருவர் சமரசத்துக்கு வந்திருக்கிறார். பதிவு செய்துகொள்ளவும்.

நாலாம்வருஷம்
வெள்ளிக்கிழமை போய் வந்தேன் அக்கா. ஹால் நிறையப் பெண்கள். 14,500 சொன்னார்கள், கைக்கு எவ்வளவு என்று கேட்டதும் எச்ஆர் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரிஜினலை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். இன்னும் ஒரு தேர்வுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே என்னுடன் படிக்கும் மூன்று பேர் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். முப்பதுபெட் சாருக்குத் திங்கட்கிழமை போன் செய்கிறேன், ஐசியூவில் ஒருவருக்கு எத்தனை பேஷன்ட் என்று அவரிடமும் கேட்பேன்.